வெக்கையா, புழுக்கமா? வீட்டுச் சூட்டை அளந்து பார்ப்பது எப்படி

"வீட்டுக்குள்ள இருக்க முடியல, ஏசி போட்டுடலாமா?" என்று யாராவது கேட்டால், வெக்கையா புழுக்கமா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். மதுரைக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கு மாடி ரூமில் தலைக்கு மேலிருக்கும் தளத்திலிருந்து இறங்குவது வெக்கை. ஐப்பசியில் மழை வரப்போகும் நேரம் காற்றே அசையாமல் சட்டை முதுகோடு ஒட்டுவது புழுக்கம். தெர்மாமீட்டர் இரண்டுக்கும் ஒரே 32 டிகிரியைக் காட்டலாம், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

உடம்புக்குத் தெரியும் சூடு ஆறு விஷயங்களால் ஆனது: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவரும் தளமும் வீசும் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், போட்டிருக்கும் துணி, செய்யும் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்பவர் 1970-ல் இந்த ஆறையும் ஒரே கணக்கில் கோத்து, மைனஸ் 3 (ரொம்பக் குளிர்) முதல் பிளஸ் 3 (ரொம்பச் சூடு) வரை ஒரு அளவுகோல் தந்தார். அவர் கணக்குப்படியே, எல்லாம் கச்சிதமாகப் பூஜ்யத்தில் இருந்தாலும் நூற்றில் ஐந்து பேருக்குப் பிடிக்காது, அதனால் எல்லோரையும் திருப்திப்படுத்தக் கிளம்ப வேண்டாம்.

சரி, அளப்பது எப்படி? வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அதை வெயில் படும் இடத்திலோ ஃப்ரிட்ஜ் பக்கத்திலோ வைக்காமல், ஆள் இருக்கும் உயரத்தில் வையுங்கள், நாற்காலி என்றால் இடுப்பளவு, பாய் விரித்துப் படுப்பவர் என்றால் பாயளவு. இருபது நிமிஷம் விட்டுப் பாருங்கள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிங்பாங் பந்து ஒன்றுக்குப் பளபளக்காத கறுப்புப் பெயிண்ட் அடித்து, சின்ன ஓட்டை போட்டு, மீன் தொட்டிக்கு விற்கிற வயர் வைத்த தெர்மாமீட்டரின் முனையை உள்ளே விட்டு ஓட்டையை அடைத்து, ரூமின் நடுவில் தொங்கவிடுங்கள். சுவரும் தளமும் வீசும் வெக்கையைப் பந்து வாங்கிக்கொள்ளும். ஃபேனை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஓடினால் பந்தின் கணக்கு காற்றின் கணக்கோடு போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வில்லாபுரம் வீட்டு மாடியில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்குக் காற்று 33, பந்து 35.5. கீழே சித்தப்பா வீட்டில் அதே நேரம் இரண்டுமே 32. அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே போனதன் காரணம் அந்த இரண்டரை டிகிரிதான்.

மத்தியானம் மட்டும் அளந்தால் இது சிக்காது. கான்கிரீட் தளத்தின் மேல் விழும் வெயில் அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், அதனால் மூன்று மணிக்கு ஒருமுறை, எட்டு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை பாருங்கள். இன்ஃப்ராரெட் கன் இருந்தால் தளத்தை நேராகவே அளக்கலாம், ஆனால் தகரம், எவர்சில்வர் மாதிரிப் பளபளப்பானவற்றில் அது பொய் சொல்லும். காற்றோட்டத்துக்கு ஒரு ஊதுபத்தி போதும். புகை நேராக மேலே போனால் காற்று இல்லை.

அப்புறம் ஆட்களைக் கேட்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவரையோ அடுப்படியிலிருந்து வந்தவரையோ உடனே கேட்காதீர்கள், கால்மணி நேரம் உட்காரட்டும். "சூடா இருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அது கேள்வியே இல்லை. ரொம்பக் குளிர், குளிர், லேசான குளிர், சரியாக இருக்கிறது, லேசான சூடு, சூடு, ரொம்பச் சூடு என்று ஏழையும் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் "பரவாயில்லப்பா, பழகிப்போச்சு" என்பார்கள். அதனால் இன்னும் குளிர்ச்சி வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பழகிப்போச்சு என்பது சும்மா பேச்சும் இல்லை. ஏசி இல்லாத கட்டடங்களுக்கென்று அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கணக்கு இருக்கிறது: கடந்த முப்பது நாள் வெளி வெப்பத்தின் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டுங்கள். சராசரி 31 என்றால் விடை சுமார் 29.6, அதிலிருந்து 2.4 டிகிரி கூடவோ குறையவோ இருந்தால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதாவது 32 வரை நமக்குத் தாங்கும். ஃபேன் ஓடாதபோது பந்து காட்டுவதையே இதோடு ஒப்பிடுங்கள். எங்கள் மாடிக்கு 35.5 வந்தது, பாஸ் மார்க் இல்லை.

பந்து காற்றைவிட அதிகம் காட்டினால் பிரச்சினை தளத்தில், ஏசி வாங்கினாலும் அது தளத்தோடு மல்லுக்கட்டி கரண்ட் பில்லைத்தான் ஏற்றும். இரண்டும் ஒன்றாக இருந்து ஈரப்பதம் 70-ஐத் தாண்டினால் அது புழுக்கம், ஃபேனும் எதிரெதிர் ஜன்னலும்தான் வழி. அங்கே ஏர்கூலர் வைத்தால் இன்னும் கெடும். கத்திரி வெயில் மத்தியானத்தில் காற்று காய்ந்து கிடக்கும்போதுதான் ஏர்கூலர் எடுபடும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்தால்.

நாங்கள் மொட்டை மாடிக்கு இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்தோம். அடுத்த வாரம் அதே எட்டு மணிக்குப் பந்து 33.5. அம்மா இன்னமும் கீழேதான் படுக்கிறார், கேட்டால் இப்போது முட்டிவலி என்கிறார்.