மிதித்து ஏவும் காகித ராக்கெட்: வடிவமைப்பும் ஏவும் முறையும்

காகித ராக்கெட்டுக்குள் எரிபொருள் ஏதும் இல்லை. மிதிபட்ட பாட்டிலிலிருந்து பாயும் காற்று, ராக்கெட் ஏவுகுழாயை விட்டு நழுவும் வரை மட்டுமே அதைத் தள்ளுகிறது; அதன்பின் அது பெற்ற வேகத்தைக் கொண்டே பறக்கிறது. ஆகவே அந்த ஓரடிக் குழாயின்மேல் காற்று கசியாமல் காப்பதிலும், வெளியேறிய பின் ராக்கெட் தடுமாறாதபடி எடையை அமைப்பதிலுமே முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

முதலில் ஏவியைச் செய்துகொள்ளுங்கள். அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் என்பதால், இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் வாய்க்குள் அது இறுக்கமாக நுழையும். இரண்டடிக் குழாயின் ஒரு முனையைப் பாட்டிலில் செருகி, இன்சுலேஷன் டேப்பால் பல சுற்று சுற்றுங்கள். மறுமுனையில் எல்போ எனப்படும் ‘எல்’ வடிவ வளைவு இணைப்பை மாட்டி, அதில் ஓரடி ஏவுகுழாயைப் பொருத்தி, செங்கற்களை அண்டைகொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். பம்பு கொண்டு பிவிசி குழாயிலேயே காற்றை அடைத்துவைத்து ஏவும் முறையும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீருக்கான அந்தக் குழாய் அழுத்தக் காற்றில் வெடித்தால், கூரிய சில்லுகளாகச் சிதறும்.

இனி உடல். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், பாதித் தாளே குழாயை ஒன்றரைச் சுற்று சுற்றப் போதும். குழாயின்மேல் முதலில் வேறொரு தாளைச் சுற்றி, அதன்மேல் ராக்கெட் தாளைச் சுற்றி ஒட்டிவிட்டு, உள்தாளை உருவிவிடுங்கள். தடையின்றி வழுக்கிச் செல்வதற்கான இடைவெளி அதனால் கிடைக்கும். மேல்முனையை மடித்து டேப்பால் அடைத்த பிறகே மூக்காக அமையும் கூம்பை ஒட்ட வேண்டும், ஏனெனில் கூம்பை மட்டும் நம்பினால் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அடிமுனையை வாயில் வைத்து ஊதிப் பார்த்து, கசிவு இருந்தால் அடையுங்கள்.

வால் பகுதியில் மூன்று அல்லது நான்கு துடுப்புகளைச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை இதற்கு மிகப் பொருத்தமானது. ராக்கெட்டின் எடைமையம், காற்றின் தள்ளுதல் குவியும் இடத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க, ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளியில் நூலைக் கட்டி, தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னோக்கிச் சென்றால் சரி. குறுக்காகவோ வால் முன்னாகவோ சுழன்றால், கூம்புக்குள் சிறிது களிமண் சேர்க்கவோ துடுப்புகளைப் பெரிதாக்கவோ வேண்டும். மிக இலேசான ராக்கெட் அதிக வேகத்துடன் கிளம்பினாலும் காற்றுத் தடையால் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், மூக்கில் ஓரிரு கிராம் சேர்வது பெரும்பாலும் நன்மையே செய்கிறது.

திறந்த மைதானத்தில், காற்று அடங்கியிருக்கும் வேளையில் ஏவுங்கள். ஏவுகுழாயின் மேல் யாரும் குனியக் கூடாது. ராக்கெட் செல்லும் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. பாட்டிலின் நடுப்பகுதியை ஒரே வேகத்தில் ஓங்கி மிதியுங்கள். கழுத்தருகே மிதித்தால் இணைப்பு பிரிந்துவிடும். நசுங்கிய பாட்டிலைக் குழாய் வழியே ஊதி நிமிர்த்தலாம். உயரத்தை அறிய, 30 மீட்டர் தள்ளி நிற்பவர் பாகைமானியில் நூல்குண்டு கட்டி உச்சியை நோக்கட்டும்: கோணம் 45 பாகை என்றால் உயரம் 30 மீட்டருடன் அவரது கண்மட்டத்தையும் கூட்டிய அளவாகும். ஒவ்வொரு ஏவலுக்கும் ஒன்றை மட்டுமே மாற்றி அளவெடுங்கள். விழுந்த ராக்கெட்டின் மூக்கு நசுங்கியிருந்தால், மறுபடி ஊதிக் கசிவு பார்த்த பின்னரே குழாயில் ஏற்றுங்கள்.