ஒரே தமிழ்தானே என்று மலையகத்துக்கு வரும் வாத்தியாருக்கு

தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் தேயிலை மலைநாட்டுக்கு, ஹட்டன் பக்கம் ஆங்கிலம் கற்பிக்க வந்தவன் நான். மொழி தெரியும் என்ற தைரியமே முதல் பரீட்சைக் காலத்தில் என் காலை வாரிவிட்டது.

"கணக்குல ஒரு சித்தி கெடச்சா போதும் சேர்" என்றான் ஒரு பையன். "எந்தச் சித்தி?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. இங்கே சித்தி என்றால் தேர்ச்சி. அம்மாவின் தங்கை இல்லை.

சொல்லைப் பழகிவிடலாம். கணக்குப் போடும் விதத்தை மாற்றுவதுதான் கஷ்டம். நம் ஊரில் 500-க்கு எத்தனை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இங்கே பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 9 பாடங்கள், சமயமும் அதில் ஒன்று. 75-ஐத் தொட்டால் ஏ, 35-க்குக் கீழே போனால் டபிள்யூ, அதாவது சித்தி இல்லை. தமிழில் 85 எடுக்கும் பிள்ளையை 98-க்கு விரட்டி என்ன பயன்? இரண்டுக்கும் ஒரே ஏ தான். அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள். உயர்தரத்துக்கு, அதாவது நம் ஊர் பிளஸ் டூ மாதிரியான அடுத்த கட்டத்துக்கு, போக தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் 3 திறமைச் சித்தியாக, அதாவது 50-க்குக் குறையாத சி தரமாகவாவது, இருக்க வேண்டும்.

ஆண்டிலும் கவனம். 2024-க்கான சாதாரண தரப் பரீட்சை நடந்தது 2025 மார்ச்சில். பழைய வினாத்தாள் தேடும்போது இது குழப்பும்.

நான் செய்ய இருந்த பெரிய தவறு வேறு. பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பத்துப் பிள்ளைகளை என் விறாந்தைக்கு வரச் சொல்லிவிட்டு, மாதிரி வினாத்தாளும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்த வினாத்தாள் கட்டைப் பார்த்த சக ஆசிரியை, "ஐயோ சேர், இத முதல்ல உள்ள வையுங்க" என்று பதறினார். பரீட்சை நெருங்கியதும் ஒரு குறிப்பிட்ட நள்ளிரவிலிருந்து மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்துவிடும். பரீட்சை முடியும்வரை தடை நீடிக்கும். மீறினால் 1968-ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டம் பாயும். காசு வாங்கவில்லை, நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. அந்தத் தேதி அறிவிப்பு வந்ததும் உங்கள் நாட்குறிப்பில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பெற்றோர் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன். நான்கு பேர்தான் வந்தார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முணுமுணுத்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா அந்த நேரத்தில் இறங்கி வந்தால் கொழுந்து எடை குறையும். எடை குறைந்தால் அன்றைக்கு 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் சம்பளம். வந்திருந்த நால்வரில் ஒருவர் கூடையோடு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அதுவும் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் நேரத்தை விட்டுவிட்டு.

"ராத்திரி பன்னிரண்டு வரை படி" என்றும் சொல்லாதீர்கள். பல லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்குள் (அறைக்குள்) குடும்பமே தூங்க வேண்டும். ஒருவன் படிக்க விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் தூக்கம் போச்சு. விடியற்காலையில், அம்மா ரொட்டி தட்ட எழும்பும்போது கூடவே எழும்பிப் படிக்கும் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம்.

பரீட்சைக்குக் கொண்டுபோக வேண்டிய அடையாள அட்டையை எடுப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் இன்னொரு பெயர் என்று இருந்தால் அலைச்சல் நிச்சயம்.

அப்புறம், பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் காலில் விழுவார்கள். நான் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். குனிந்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். நகராதீர்கள். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையில் கை வையுங்கள்.