காலிக் கோட்டை: திசையும் நேரமும் தப்பினால்

இலங்கையின் தென்கரை நகரான காலியில் இறங்கியதும் ஆட்டோ பிடிப்பது முதல் வீண்செலவு. பேருந்து நிலையம், புகையிரத நிலையம் இரண்டும் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில்தான். மைதானத்தைத் தாண்டினால் கோட்டை மதில். 10 நிமிட நடை. கோட்டைக்குள் போகவோ மதில்மேல் ஏறவோ கட்டணம் கிடையாது. அருங்காட்சியகங்கள் சிலவற்றுக்கு மட்டும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே உள்ள பெரிய வாசல்முன் நின்று, “ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வாசல்” என்று படம் எடுப்பவர்கள் ஏராளம். அது 1873இல் ஆங்கிலேயர் மதிலை வெட்டித் திறந்தது. பழைய வாசல் துறைமுகப் பக்கத்தில், நீண்ட பண்டகசாலைக் கட்டடத்தின் அடியில் சுரங்கம்போல் போகிறது. அங்கே போனவர்களும் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வெளிமுகத்தில் இருப்பது பிரித்தானிய அரச இலச்சினை. உள்ளே நுழைந்து, திரும்பி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்: இரண்டு சிங்கங்கள், நடுவே ஒன்றோடொன்று பின்னிய வி, ஓ, சி எழுத்துகள், உச்சியில் ஒரு சேவல், கூடவே 1669 என்ற ஆண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. (நமக்கு அந்த எழுத்துகளைப் பார்த்ததும் கப்பலோட்டிய தமிழர்தான் நினைவுக்கு வருவார். கப்பல் விஷயம் என்றாலும் அவர் அல்ல.)

மதில் நடையில் நேரம் பிசகுவதுதான் பெரிய இழப்பு. மேலே நிழலே இல்லை, நண்பகலில் கல் கொதிக்கும். மாலையில் போகிறவர்களோ மதிலின் வடமேற்கு மூலையான நட்சத்திரக் கொத்தளத்தில் தொடங்கி, சூரியன் விழும் வேளையில் கிழக்குப் பக்கம் வந்து நிற்கிறார்கள். நாலரை மணிக்கு வெளிச்சவீட்டடியில் தொடங்குங்கள். மதிலின் தென்முனையான கொடிப்பாறைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சவீடு முழு வெளிச்சத்தில். பிறகு மேற்குக் கரையோரமாக நட்சத்திரக் கொத்தளம் நோக்கி நடந்தால் சூரிய அஸ்தமனம் வழியிலேயே கிடைக்கும். வெளிச்சவீடும் ஒல்லாந்தர் காலத்தது அல்ல. பழையது தீக்கிரையான பின் 1939இல் கட்டியது.

கடல் பக்கம் பல இடங்களில் தடுப்பே இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கல் வழுக்கும், விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம். கொடிப்பாறையிலிருந்து காசுக்குக் குதிப்பவர்களுக்குப் பாறையிடுக்கு மனப்பாடம். உங்களுக்கு இல்லை.

வெளிச்சவீட்டுக்கு எதிரே உள்ள வெள்ளைக் கட்டடத்தைத் தேவாலயம் என்று நினைத்து விறுவிறுவென நுழையாதீர்கள். அது மீரான் ஜும்மா பள்ளிவாசல். வெள்ளி நண்பகலைத் தவிர்த்து, கைகால் மூடிய உடையில் போய், அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். 1755இல் கட்டிய ஒல்லாந்த சீர்திருத்தத் தேவாலயம் வேறு தெருவில் இருக்கிறது. அங்கே தரையிலேயே கல்லறைக் கற்கள் பதித்திருக்கும். குனிந்து பார்த்து நடங்கள்.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஓர் ஏமாற்றமும் உண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டிட்டுக் கொண்டுவந்த, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற திருமாலைப் போற்றுகிறது. ஆனால் மூலக்கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். ரயில் ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.