செய்முறைக் குறிப்பை ஆள் வைத்துச் சோதிப்பது எப்படி?

குறிப்பைப் படித்துவிட்டு "நல்லா புரியுது" என்பவரின் கை இரண்டாவது படியிலேயே தப்பான இடத்துக்குப் போவதுண்டு. அதனால் கருத்துக் கேட்க வேண்டாம். குறிப்பையும் பொருளையும் கையில் கொடுத்து, செய்யச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் வேலையை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: "தண்ணீர் வடிகட்டியின் உள்பகுதியை மாற்றி, கசியாமல் ஓடவிடுங்கள்." எந்த நிலையில் தொடங்குகிறார், எதைக் கண்டால் முடிந்ததாகக் கொள்வது என்பதும் அதில் தெளிவாக இருக்கட்டும். குறிப்பில் உள்ள சொற்களையே அந்த வரியிலும் போட்டால் விடையைச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். குறிப்பு அச்சில் போகப்போகிறது என்றால் அதே எழுத்து அளவில் அச்சடித்துக் கொடுங்கள். போனில் படிக்கப்போகிறார்கள் என்றால் போனிலேயே சோதியுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? ஒரே வகைப் பயனர்கள் என்றால் ஐந்து பேர் போதும். ஒரு சிக்கலில் சராசரியாக 31 சதவீதம் பேர் மாட்டுவார்கள் என்று கொண்டால், ஐந்து பேரிடமே ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்பது பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993இல் கொடுத்த கணக்கு. பல வகையினர் இருந்தால் வகைக்கு மூன்று நான்கு பேரைக் கூப்பிடுங்கள்: முதல்முறை செய்பவர், பழகியவர், கண்பார்வை மங்கியவர், அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர். பழகியவரை விட்டுவிடாதீர்கள். அவர் பாதியைத் தாண்டிக்கொண்டு போவார். எச்சரிக்கையைத் தவறவிடுவதும் பெரும்பாலும் அவர்தான். "சிவப்புப் பொத்தானை அழுத்தவும்" என்ற வரி திரைவாசிப்பானில் கேட்பவருக்கும் நிறக்குறைபாடு உள்ளவருக்கும் உதவாது.

சோதனையின்போது, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம், எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்தால் தலையாட்டியாவது காட்டிக்கொடுத்துவிடுவார், ஆகவே வேறொருவர் உட்காருவது நல்லது. செய்து பார்ப்பவர் கேள்வி கேட்டால், "நான் இங்கே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஆபத்து வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு படிக்கும் தானாக முடித்தார், உதவியோடு முடித்தார், முடிக்கவில்லை என்று குறியுங்கள். எந்த வரியைத் திரும்பப் படித்தார், எங்கே கை தயங்கியது என்பதையும் எழுதுங்கள். தவறு நடந்தால், அந்தத் தகவல் கண்ணில் படவில்லையா, பட்டும் புரியவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதற்கு இடத்தையோ தலைப்பையோ மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு வாக்கியத்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்தோடு வரும் தாளைச் சோதிக்கும்போதும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்: 90 சதவீதம் பேர் தகவலைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அது புரிய வேண்டும்.

அடிக்கடி மாட்டிவிடுவது வரிசைதான். "மூடியைக் கழற்றவும். அதற்கு முன் தண்ணீர் வால்வை அடைத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், முதல் வாக்கியம் முடிந்ததுமே கை மூடிக்குப் போய்விடும், தண்ணீர் பீய்ச்சியடிக்கும். வால்வை அடைப்பதைத் தனிப் படியாக முன்னே கொண்டுவாருங்கள். "நன்றாக இறுக்கவும்" என்பதும் அப்படித்தான்: ஒருவர் லேசாக விட்டுக் கசியவிடுவார், இன்னொருவர் குறடு போட்டு மூடியை உடைப்பார். "கையால் இறுகும் வரை திருப்பி, மேலும் கால் சுற்று" என்பது போல அளவு சொல்லுங்கள்; அந்த அளவைப் பொருளில் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

திருத்தியதைப் பழைய ஆட்களிடமே கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வேலை பழகியிருக்கும். புது ஆட்களைக் கூப்பிட்டு, திருத்திய படியை மட்டுமல்லாமல் முழுக் குறிப்பையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு படியை நகர்த்தினால் அடுத்த படியில் "மேலே சொன்னபடி" என்று இருப்பது வேறெதையோ சுட்ட ஆரம்பித்துவிடும்.