பரணில் கை வைக்கும் முன்: சாமான் நிறைந்த வீட்டைக் குறைக்கத் தொடங்குவது எப்படி

அம்மா கும்பகோணத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு சென்னை கொரட்டூருக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீடு 820 சதுர அடி. அதில் எங்கள் சாமானே தாராளமாக இருந்தது. அதன்மேல் 45 வருடக் குடித்தனம் ஒன்று மினி லாரியில் வந்து இறங்கியது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே பித்தளை அண்டா, கட்டிலுக்கடியில் ட்ரங்குப் பெட்டி, பால்கனியில் இரண்டு கிரைண்டர். பையன் உட்கார்ந்து படிக்க இடமில்லை.

ஏழு மாதம் பிடித்தது. இப்போது ஹாலில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கலாம். எந்த வரிசையில் செய்தபோது வேலை நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். துடைப்பது, அடுக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: வெளியே போகும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த இடத்தில்தான் நான் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். முதல் முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பரணிலும் இருந்ததை மொத்தமாக ஹாலில் இறக்கினோம். ராத்திரி எட்டு மணிக்கு எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று பேசிப் பேசி எல்லோருக்கும் கோபம் வந்ததுதான் மிச்சம். இறக்கிய அத்தனையும் மறுபடி மேலே ஏறியது.

இரண்டாம் முறை பொறுமையாகப் பிரித்து ஆறு பை கட்டி, கொடுத்துவிடலாம் என்று கதவுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று மாதம் அங்கேயே நின்றன. ஒரு நாள் ஒரு டப்பா தேவைப்படும், பையைத் திறப்போம். இன்னொரு நாள் ஒரு துண்டு. பாதிச் சாமான் அலமாரிக்கே திரும்பிவிட்டது. நான் பிரித்ததில் குறையில்லை. அந்தப் பைகளுக்குப் போக்கிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எது, யாரிடம், எந்தக் கிழமை என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். பேப்பர், அட்டை, இரும்பு எல்லாம் எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரருக்கு. அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். உடுத்தக்கூடிய துணி, பழைய துணிகளை வாங்கித் தேவைப்படுபவர்களிடம் சேர்க்கும் கூஞ்ச் தொண்டு அமைப்புக்கு. துவைத்து, பொத்தான் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கிழிந்ததைக் கரித்துணியாக்கி மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். கிழிசலைத் தானமென்று கொடுப்பது வாங்குகிறவரைச் சிறுமைப்படுத்துவது.

பழைய மெத்தையும் சோபாவும்தான் பெரிய தலைவலி. நாங்கள் வாடகைக்கு வண்டி பிடித்து அனுப்பினோம். இப்போது அந்தச் செலவு வேண்டாம். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் இவற்றை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறது. 1913-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். போகி வரட்டும் என்று மெத்தையை வைத்திருக்காதீர்கள். ரப்பரும் ஃபோமும் எரிந்த புகையைத் தெருவே சுவாசிக்க வேண்டியிருக்கும்.

படி 2: மருந்து டப்பாவில் தொடங்குங்கள்

பரணிலோ புடவை பீரோவிலோ தொடங்க வேண்டாம். தேதி முடிந்த மருந்தைப் பற்றி வீட்டில் யாரும் சண்டை போட மாட்டார்கள். 40 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் ஒரு முழு டப்பா காலியானது. அந்தக் காலி டப்பாவைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்தது.

காலாவதியான மருந்து, பேட்டரி, டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு ஆகியவை வீட்டு அபாயக் கழிவுகள். குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் போட்டு, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடியை இறுக்குங்கள். அவர்கள் கையால் பிரிக்கிறார்கள், அதை ஒருபோதும் மறக்கக்கூடாது.

அடுத்த சில நாட்களுக்குத் தாம்பூலப் பைகள், பிளாஸ்டிக் டப்பாக்கள், வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துணிகள். எங்கள் வீட்டில் 63 ரவிக்கைத் துணி இருந்தது. நல்லதாகப் பத்தை வைத்துக்கொண்டு மற்றதை எங்கள் தையல்கார அக்காவிடம் கொடுத்தோம். சேலை ஓரத்துக்கு ஃபால்ஸ் வைக்க, குழந்தைப் பாவாடைக்கு உள்துணி தைக்க அவருக்கு உதவுகிறது.

கருவிகள்

ஐந்து பொருள் போதும். பழைய 25 கிலோ அரிசிப் பைகள், தடித்த மார்க்கர், தொங்கும் சிறு தராசு, முகக்கவசம், ஆறடி ஏணி. கறுப்புக் குப்பைக் கவர் வாங்காதீர்கள். பாத்திரத்தின் விளிம்பு பட்டால் கிழியும், உள்ளே இருப்பதும் தெரியாது. அரிசிப் பைக்கு எதையும் தாங்கும் உறுதி உண்டு. வெள்ளைப் பரப்பில் பெயரும் கிழமையும் எழுதலாம். நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறுவது கூடவே கூடாது. மூடி போட்ட புது ஸ்டோரேஜ் பெட்டிகளை வேலை முடியும்வரை வாங்க வேண்டாம். கழிக்க வேண்டியதெல்லாம் அவற்றுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும்.

படி 3: காகிதம்

வேகமாகச் செய்யாதீர்கள். மூலப் பத்திரம், தாய்ப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ், காப்பீட்டு பாண்டு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவை ஒரே ஃபைலில். பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரம் தொலைந்தால் நகல்தான் கிடைக்கும். வருமான வரிக் காகிதங்களை நான் எட்டு வருடம் வைத்திருக்கிறேன். பழைய மின்கட்டண ரசீது, கியாரண்டி முடிந்த அட்டை, முப்பது ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் போகலாம். ஜெராக்ஸை மட்டும் குறுக்கே வெட்டிப் போடுங்கள்.

அப்பாவின் பிஸ்கட் டின்னில் பழைய பாஸ்புக் ஒன்று கிடைத்தது. 10 வருடம் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகும். அதற்குப் பின்னும் உரியவர் கேட்டால் வங்கி கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். பங்குப் பத்திரங்களுக்கும் இப்படித்தான். ஈவுத்தொகையை ஏழு வருடம் தொடர்ந்து வாங்காவிட்டால் பங்குகள் அரசின் நிதிக்கு மாறும், திரும்பக் கேட்க வழி உண்டு. பழுப்பேறிய தாள் என்று பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

வார இதழ்த் தொடர்களைக் கிழித்துத் தாத்தா பைண்டு செய்து வைத்த தொகுதிகளும் இருந்தன. பிரித்தால் ராமபாணப் பூச்சி ஓடியது. உங்களிடம் அப்படிப் பழைய இதழ்களோ நோட்டீசுகளோ இருந்தால், எடைக்குப் போடுமுன் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் அச்சில் வந்ததைப் பாதுகாக்கவென்றே 1994-இல் அமைந்த நூலகம் அது.

படி 4: பெயர் வெட்டிய பாத்திரங்கள்

இரண்டு மாதம் இங்கே நின்றோம். ஒவ்வொன்றாக எடுத்து, "அம்மா, இது வேணுமா?" என்று கேட்பேன். "இருக்கட்டும்டி, விசேஷத்துக்கு ஆகும்" என்பார். எந்தப் பாத்திரத்துக்கும் அதே பதில். வேண்டாம் என்று சொன்னால் கொடுத்தவரையே வேண்டாம் என்றது போல அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அது புரியவில்லை.

ஒரு நாள் கேள்வியை மாற்றினேன். "அம்மா, இதை யாருக்குக் குடுத்தா நல்லா புழங்குவாங்க?" அம்மா அண்டாவை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர், பக்கத்தில் 1974. களிம்பு பிடித்த எழுத்துகளை முந்தானையால் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் பெரியப்பா மருமக அப்பளம் போட்டு விக்கிறாளே, அவளுக்குப் பெருசா ஒண்ணு வேணும்னு சொன்னா" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் 11 பாத்திரங்களுக்கு வீடு கிடைத்தது. வரிசையாக ஆள் பெயர் சொன்னதும் அம்மாதான்.

அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். வெட்டிய பெயரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் வேண்டாத மிச்சத்தைப் பாத்திரக் கடையில் போடுவதென்றால், வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். செம்பையும் பித்தளையையும் தனித்தனியாகக் கட்டுங்கள். செம்புக்கு விலை அதிகம். ஈயச்சொம்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடாதீர்கள். ரசம் வைக்கும் அந்தச் சொம்பு வெள்ளீயம், செம்பைவிட விலை கூடியது. பார்க்க அலுமினியம் போல இருப்பதால் பழைய சாமானோடு சாமானாகப் போய்விடும். எங்களுடையதும் ஒரு நாள் சாக்கின் அடியில் கிடந்தது, பேப்பர்காரர்தான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

படி 5: இப்போது பரண்

ஒரு தடவைக்கு ஒரு மூட்டை மட்டும். அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. எங்கள் பரணில் கொலு பொம்மைப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை இறங்கும் பொருளுக்குப் பரண்தான் சரியான இடம். அரசு 2006-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கிய மிக்சி கிரைண்டரும் பல வீடுகளில் இன்னும் மேலே இருக்கும். ஓடுகிற மிக்சியை யாருக்காவது கொடுங்கள். பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் உண்டு. செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்களிடம் கொடுக்காமல், மின்கழிவு எடுப்பவர்களிடமே சேர்க்க வேண்டும். உப்பிய போன் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் தம்பியின் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டார். திறக்க வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பி, எந்த மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அவரிடமே பேசி வாங்குங்கள். அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் கழித்தால், அப்புறம் வீட்டில் ஒருவரும் உங்களை நம்பிப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

இன்னொருவர், பாச்சை உருண்டை போட்டு வைத்த குழந்தைத் துணிகளைத் தங்கையின் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கைக்குழந்தைக்கு வேண்டாம். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தையாக இருந்தால், அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், மஞ்சள் காமாலை வரும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

பட்டுச்சேலை பற்றியும் கேட்டிருந்தார்கள். இழுத்தால் கிழியும் பழைய பட்டை வாங்க ஆட்கள் தெருவுக்கே வருவார்கள். அதற்கு முன் சரிகை இழை ஒன்றை எடுத்துச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது வெள்ளி கலந்த அசல் சரிகை, சேலையின் விலையே வேறு. எங்கள் வீட்டில் இதை நான் இன்னும் செய்யவில்லை. சேலைகளெல்லாம் ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன, சாவி அம்மாவிடம். தை பிறக்கட்டும், சேர்ந்து திறக்கலாம் என்றிருக்கிறார்.