தற்கொலையில் ஒருவரை இழந்த வீடு, இறப்பின் காரணத்தை எப்படிச் சொல்வது?

காவல் நிலையப் புகார்களில் எழுதப்படும் "தீராத வயிற்று வலி"யை அப்படியே நம்பினால், தமிழ்நாட்டில் வயிற்று வலியைவிடக் கொடிய நோய் இல்லை என்றுதான் முடிவுகட்ட வேண்டும். பிணவறை வாசலில் மாமாவோ சித்தப்பாவோ பதற்றத்தில் சொல்லும் அந்தச் சொல் புகாரில் ஏறி, மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் வந்து, பதினாறாம் நாளுக்குள் குடும்பமே ஒப்பிக்கும் கதையாகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தம்பி போய் நான்கு மாதம் கழித்து, அவனுடைய ஆறு வயது மகள் சாப்பிட மறுத்தாள். மூன்று நாள் கெஞ்சிய பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அத்தை, எனக்கும் இங்கே வலிக்குது. நானும் அப்பா மாதிரி செத்துப்போயிடுவேனா?"

ஆகவே குழந்தைகளிடமிருந்து தொடங்குங்கள். ஊர் வாயிலிருந்தோ பள்ளித் தோழனிடமிருந்தோ தெரியவருவதற்கு முன், அவர்கள் மிகவும் நம்பும் ஒருவர், வீட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். "உடம்புக்கு நோய் வருவது போல மனசுக்கும் நோய் வரும், அப்பாவுக்கு அது ரொம்ப அதிகமாகி, அவரே தன் உயிரைப் போக்கிக்கொண்டார், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை" என்பது சிறு குழந்தைக்குப் போதும். கடைசி வரியை ஒரு முறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது, ஏனெனில் அன்று காலை அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று குழந்தைகள் தமக்குள்ளேயே முடிவு செய்துகொள்வதுண்டு. "தூங்கிவிட்டார்", "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். முன்னது தூக்கத்தின் மேல் பயத்தையும், பின்னது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பழக்கத்தையும் தரும். நாங்கள் பாப்பாவிடம் உண்மையைச் சொன்ன அன்று அவள் அழவில்லை; "அப்போ வயிறு வலிச்சா சாக மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியவர்களுக்கு என்ன சொல்வது என்பதை, முடிந்தால் காரியத்துக்கு முன்பே, வீட்டார் கூடிப் பேசி ஒரே வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம், இதனால்தான் இறந்தார் என்ற தீர்ப்பும் வேண்டாம். முறையை விவரிப்பது, கேட்பவர்களில் ஏற்கெனவே மனம் நொந்திருப்பவருக்கு ஆபத்தாக முடியலாம். காரணத்தைக் கடன், காதல், மதிப்பெண் என்று ஒற்றைச் சொல்லில் அடைத்தாலோ, பழி யார் தலையிலாவது விழும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மனைவியின் தலை. துக்கம் கேட்க வந்தவர் துருவினால், "மனசு சரியில்லாமல் இருந்தான் பெரியம்மா, அதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டான், இதற்கு மேல் இப்போது பேச முடியவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போகலாம். அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை. உண்மையை மறைக்காமல் இருப்பது வேறு, கேட்டவருக்கெல்லாம் விளக்கம் கொடுப்பது வேறு.

காவல் துறையிடமும் மருத்துவரிடமும் காரணத்தை மாற்றிச் சொல்லச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள்; சான்றிதழில் காரணம் வந்துவிடும், வழக்கு வரும், காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்று அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குப் பெரும்பகுதி ஆதாரமில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பதிவேட்டில் உள்ள இறப்புக் காரணத்தை இறப்புச் சான்றிதழில் வெளியிடக் கூடாது. பள்ளியிலோ வங்கியிலோ நீங்கள் நீட்டும் அந்தத் தாளில் அது இருக்காது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆயுள் காப்பீட்டைப் பொறுத்தவரை, பாலிசி தொடங்கியோ புதுப்பித்தோ 12 மாதங்கள் கடந்திருந்தால், தற்கொலை என்ற காரணத்துக்காக மட்டும் தொகையைப் பொதுவாக மறுக்க முடியாது. மாறாக, முன்னுக்குப்பின் முரணான வாக்குமூலம்தான் இழுத்தடிக்க வழிவிடும். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். அங்கு ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்லாதீர்கள்.

மறைத்து வைக்கும் வீட்டில், இறந்தவரின் பெயரும் மெல்ல மெல்ல மறைந்துபோகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். துர்மரணம் என்று சொல்லிச் சடங்கைச் சுருக்குவார்கள், கூடத்தில் படம் மாட்டமாட்டார்கள், திதியன்று பேச்சை மாற்றுவார்கள். சாவைப் பற்றிப் பேச நா எழாவிட்டால், ஆளைப் பற்றிப் பேசுங்கள்: என்ன சாப்பிடுவார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், யாரைக் கேலி செய்வார். எஞ்சியிருப்பவர்களில் ஒருவர் உறங்காமல், உண்ணாமல், "நானும் போயிருக்கலாம்" என்று சொல்லத் தொடங்கினால், அதைத் துக்கத்தில் வரும் பேச்சு என்று தள்ளிவிடாமல், தனியாக விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸுடன் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050.

தம்பியின் படத்தை நாங்கள் இரண்டாம் ஆண்டில்தான் மாட்டினோம். எந்தப் படம் என்பதைப் பாப்பாதான் தேர்ந்தெடுத்தாள்: பொங்கலன்று கரும்பைக் கடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் படம்.