டேட்டா சயின்ஸ் படிக்க ஆசையா? பாபநாசம் அணைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

"பிக் டேட்டா (மிகப் பெரிய தரவுக் குவியலைக் கையாளுவது) படித்தால் வேலை நிச்சயம்" என்று சொல்லி நிறைய பணம் கேட்கிற பயிற்சி மையங்கள் பாளையங்கோட்டை வரைக்கும் வந்துவிட்டன. பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்து பாருங்கள்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தின் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், மழையளவு எல்லாம் செய்தித்தாளில் வருகிறது. அணைக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு வரி என்று எக்செல்லில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஐம்பது வருடக் கணக்கே கையில் கிடைத்தாலும் மூன்று அணைக்கும் சேர்த்து 55,000 வரிக்குள் முடிந்துவிடும். எக்செல்லின் ஒரு தாளோ 10,48,576 வரி பிடிக்கும். பிக் டேட்டா பாடத்தில் வரும் ஹடூப், ஸ்பார்க் போன்ற மென்பொருள்கள் ஒரு கணினிக்குள் அடங்காத தரவைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வந்தவை. பெரும்பாலான கடைகளும் கம்பெனிகளும் வைத்திருக்கும் தரவு அந்த அளவுக்கு வருவதில்லை, அதனால் அவற்றை முதல் பாடமாக வைத்து விற்கிறவர்களிடம் "எதற்கு?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஏற்ற ஆரம்பித்ததுமே தலைவலியும் ஆரம்பிக்கும். அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், இந்தத் தொழிலில் பெரும்பகுதி நேரம் போவது இங்கேதான். மழைக் கட்டம் காலியாக இருக்கிறது என்றால் அன்று மழை இல்லையா, இல்லை யாரும் பதியவில்லையா? தெரியாமல் எல்லாவற்றிலும் 0 போட்டால் சராசரி இறங்கிவிடும், அதனால் காலியைக் காலியாகவே விடுங்கள். "சேர்வலாறு", "சேர்வலார்" என்று இரண்டு விதமாக அடித்திருந்தால் கணினிக்கு அவை இரண்டு அணைகள். மணிமுத்தாற்றின் உச்ச நீர்மட்டமே 118 அடி, அங்கே 140 என்று ஓர் எண் உட்கார்ந்திருந்தால் பக்கத்து வரியில் இருந்த பாபநாசத்தின் எண் இடம் மாறி வந்திருக்கலாம். இன்னொன்று, பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கவழியாக இணைக்கப்பட்டவை, ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்தால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். இதை எந்த மென்பொருளும் சொல்லாது. ஊரில் விவசாயம் பார்க்கிற பெரியவர்களையோ பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, மாமா யாரையாவதோ உட்கார வைத்துக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி வேண்டும். "இதில் என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று இறங்கினால் கலர் கலராக வரைபடம்தான் மிஞ்சும். "மே கடைசியில் இருக்கிற நீர்மட்டத்தை வைத்து, கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறக்க முடியுமா?" என்பது நல்ல கேள்வி, ஏனென்றால் பதில் கிடைத்தால் ஒருவர் நாற்றங்கால் வேலையை முன்கூட்டியே திட்டமிடுவார்.

கணிப்புக்கு வரும்போது மெஷின் லேர்னிங்கை (பழைய தரவிலிருந்து கணினியே கற்றுக்கொண்டு கணிக்கும் முறையை) தொடுவதற்கு முன் ஒரு சோம்பேறிக் கணிப்பைப் போடுங்கள்: இன்றைய மட்டமே நாளைக்கும். அணை ஒரே நாளில் பெரிதாக மாறுவது அபூர்வம் என்பதால் இந்தக் கணிப்பே பெரும்பாலான நாட்களில் மிக நெருங்கி வரும். அப்படிக் கற்றுக்கொண்டு கணிக்கிற உங்கள் மாடல் இதை ஜெயிக்கவில்லை என்றால், "99 சதவீதம் துல்லியம்" என்று காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. கற்றுக்கொடுக்க ஒரு பகுதி, சோதிக்க ஒரு பகுதி என்று பிரிக்கும்போது நாட்களைக் கலைத்துப் பிரிக்காதீர்கள், 2022 வரைக்கும் உள்ள கணக்கைக் கற்றுக்கொடுத்து 2023 கணக்கில் சோதியுங்கள். அந்த வருட டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை வந்து நிற்கும்போது, பழைய கணக்கில் இல்லாததை எந்த மாடலாலும் சுலபமாகச் சொல்ல முடியாது என்பது நேரிலேயே தெரியும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்தே காய்ச்சல் பரவலைச் சொல்கிறோம் என்று கூகுள் 2008-ல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸைத் தொடங்கியது. 2012-13 பருவத்தில் அது சொன்ன அளவு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2015-ல் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் என்று தேடுகிற எல்லோருக்கும் காய்ச்சல் இருப்பதில்லையே! தரவு எவ்வளவு மலையாகக் குவிந்தாலும் அது எதை அளக்கிறது என்பது மாறாது.

இவ்வளவும் செய்து முடித்தபின் தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் படியுங்கள், அடுத்துப் பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், கூடவே அடிப்படைப் புள்ளியியல். மூன்றுக்கும் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு இந்த அணைக் கோப்பையும், எந்த வரியை ஏன் நீக்கினீர்கள் என்று எழுதிய குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.